ஏரித் தண்ணீரிலிருந்து பாசியைப் பிரிப்பது: கொடைக்கானல் குளிருக்கு ஏற்ற முறை

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ரத்த வேலையிலிருந்து ஒதுக்கிய பழைய சென்ட்ரிஃபியூஜ் (குழாய்களை வேகமாகச் சுழற்றி, கனமானதை அடியில் படியவைக்கும் மெஷின்) ஒன்றை ப்ளீச்சிங் கரைசலில் நன்றாகத் துடைத்து, ஏரித் தண்ணீருக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக பாட்டிலும் கையுமாக வருவார்கள். டிசம்பர், ஜனவரி என்றால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, புத்தகத்தில் இருக்கிறபடி 10 நிமிடம் ஓட்டியாச்சு, மேல் தண்ணீர் இன்னும் பச்சையாகவே இருக்கே?”

புத்தகத்தில் இருக்கும் நேரம் 25, 30 டிகிரி அறைக்கானது. தண்ணீர் குளிரக் குளிர அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, கூடும். 10 டிகிரித் தண்ணீருக்கு 30 டிகிரித் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு பாகுநிலை உண்டு. பாசி இறங்கும் வேகம் அந்த அளவுக்குக் குறையும். மதுரையில் 10 நிமிடத்தில் அடங்குவது இங்கே விடியற்காலை எடுத்த தண்ணீரில் 16 நிமிடம் பிடிக்கும். அதனால் வேகத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். வேகத்தை ஏற்றினால் வால் உள்ள மென்மையான செல்கள் உடையும். அடியில் படிந்ததும் கட்டியாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கொத்துக் கொத்தாகவே நிற்கும், எண்ணவே முடியாது.

வலையில் வடிகட்டினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் வழக்கமான பிளாங்க்டன் வலையின் கண் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), அதற்கும் மேல். குளோரெல்லா மாதிரியான ஒற்றைச் செல் பச்சைப் பாசிகள் 2 முதல் 10 மைக்ரான்தான், தண்ணீரோடு போய்விடும். சும்மா வைத்து அடங்கவிடலாம் என்றால், 4 மைக்ரான் செல் ஒரு மணி நேரத்தில் இறங்குவது ஓரிரு மில்லிமீட்டர். அதே செல்லைப் புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு விசையில் சுழற்றினால் சில நிமிடத்தில் குழாயின் அடிக்கு வந்துவிடும்.

அந்த 1,000 மடங்கு எந்த வேகத்தில் கிடைக்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். சுழலும் மையத்திலிருந்து குழாயின் அடிவரை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அதை ஆர்.பி.எம்.மின் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன்) வர்க்கத்தால் பெருக்கி, மறுபடி 0.00001118ஆல் பெருக்குங்கள். 10 சென்டிமீட்டர், 3,000 ஆர்.பி.எம். என்றால் ஏறக்குறைய 1,000 வரும். ஏரிப் பாசிக்கு அது தாராளம். அடுத்தவர் மெஷினின் ஆர்.பி.எம்.மை அப்படியே எழுதிக்கொண்டு வருவதில் பிரயோஜனம் இல்லை.

இனி எதிர் எடை. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 15 மில்லி குழாயில் 12 மில்லி ஊற்றி, மூடியோடு தராசில் வைத்து, நேர் எதிரே வைக்கப்போகும் குழாயையும் அதே எடைக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணால் மட்டம் பார்த்தால் போதாது. கீறல் விழுந்த பழைய குழாயும் புதுக் குழாயும் ஒரே எடை இருக்காது. கடைசிச் சொட்டுகளை பிப்பெட்டால் விடுங்கள். ஓட ஆரம்பித்ததும் மேசையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் உடனே நிறுத்தி மறுபடி எடை போடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் பாதியில் போவது இங்கே சகஜம். அப்போதும் மூடியைத் திறக்காதீர்கள், குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டரைக் கையால் நிறுத்தாதீர்கள். அதுவாக நிற்கட்டும்.

நிறுத்தும்போது பிரேக் வேண்டாம். சட்டென்று நின்றால் படிந்தது கலைந்துவிடும். நின்றதும் குழாயை எடுத்து மேல் தண்ணீரை உடனே பிப்பெட்டால் உறிஞ்சுங்கள், அடியில் அரை மில்லி விட்டுவிடுங்கள். கவிழ்த்து ஊற்றினால் பச்சை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். குழாய்கள் சாய்வாகவே நிற்கும் கோண ரோட்டர் என்றால் அடியில் வட்டமாக இல்லாமல் வெளிப்பக்கச் சுவரில் சாய்வாகப் படிந்திருக்கும். பிப்பெட் நுனியை எதிர்ச் சுவரை ஒட்டியே இறக்குங்கள். அடியோடு அடியாகப் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் பெரும்பாலும் டயாட்டம் எனும் சிலிக்கா ஓடுள்ள பாசி. அந்த ஓடு கனமானது, அதனால் முதலில் இறங்கிவிடும். மண்ணும் அங்கேதான் சேரும்.

எடுத்த மேல் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பாருங்கள். செல்கள் நிறையத் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு ஓட்டினாலும் பச்சை மேலேயே வந்து மிதக்கிறதா? அது நேரக் குறைவு இல்லை. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அவைதான் தூக்கிப் பிடிக்கின்றன. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் காற்றுக் குமிழே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, முனைக்கு மூடி போட்டு, மேசையில் ஊன்றி ஓங்கி அழுத்துங்கள். இரண்டு மூன்று முறை அழுத்தினால் பைகள் நொறுங்கும். பால் கலந்தது போலிருந்த பச்சை, கண்ணெதிரே கண்ணாடிப் பச்சையாக மாறும். பிறகு சுழற்றினால் சமர்த்தாக இறங்கும். இந்த இனங்களில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உள்ளவை. கையுறை போடாமல் தொட வேண்டாம், பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சுற்றுக்கு எட்டுக் குழாய் என்றால் 96 மில்லிதான் ஆகும். லிட்டர் கணக்கில் வேண்டுமென்றால் மேல் தண்ணீரை எடுத்துவிட்டு அதே குழாயிலேயே மேலும் ஊற்றித் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எண்ணுவதற்கென்றால் சேர்ந்ததை 1 மில்லி தண்ணீரில் கலக்கி, செல்கள் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எடுத்த இடம், தேதி, முதலில் எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டுங்கள். குளோரோஃபில் அளப்பதாக இருந்தால் அயோடின் கூடாது. குழாயை அலுமினியத் தாளில் சுற்றி நேராக ஃப்ரீசரில் வையுங்கள்.