ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று பேசும் முன்

வேதபாட வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஆள்தான் மாறுகிறார்கள், ஞானஸ்நானம் பற்றிய பாடத்தில் எங்கள் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள். வசன எண்ணை மாற்றிச் சொல்வது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

தண்ணீரின் அளவில் ஆரம்பிப்பது

முழுக்கா தெளிப்பா என்பதில்தான் சண்டையே என்று நினைத்து இறங்குகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபை கைக்குழந்தையையே மூன்று முறை முழுக்குகிறது. பாப்டிஸ்ட் சபையிலும் முழுக்குத்தான். ஆனாலும் அந்தக் குழந்தை பெற்றதைப் பாப்டிஸ்டுகள் ஞானஸ்நானமாக எண்ணுவதில்லை. ஆதிச் சபையின் போதனை நூலான டிடாக்கே, ஓடும் தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் போதவில்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஞானஸ்நானத்தில் நடப்பது கடவுளின் செயலா, விசுவாசித்தவர் கொடுக்கும் சாட்சியா? கேள்வி அதில் இருக்கிறது.

"உங்களுடையது செல்லாது" என்று சொல்லிவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதில்தான். பல சபையாரும் வந்துபோகும் வகுப்பு அது. புதிதாகப் பாடம் எடுத்த தம்பி ஒருவர், குழந்தையில் வாங்கியது ஞானஸ்நானமே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வகுப்பு முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த சான்றிதழ், மடிப்பில் கிழிந்து நாடா ஒட்டியது. "ஐயா, இது செல்லாதாமே, இத்தனை வருசம் திருவிருந்து எடுத்தேனே, அது எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டார். அப்புறம் பல மாதம் அவர் திருவிருந்துக்கு எழுந்து வரவே இல்லை.

அர்த்தம் வேறு, செல்லுபடி வேறு. ஞானஸ்நானத்தில் கடவுளே மறுபிறப்பு தருகிறார் என்பது கத்தோலிக்கர், லூத்தரன்கள் நம்பிக்கை. சீர்திருத்த சபைகளுக்கு அது உடன்படிக்கையின் அடையாளம், முத்திரை. விருத்தசேதனத்தின் இடத்தில் வந்தது, அதனால் விசுவாசிகளின் பிள்ளைகளுக்கும் உண்டு. பாப்டிஸ்டுகளுக்கு அது ஏற்கெனவே விசுவாசித்தவர் செய்யும் அறிக்கை. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் பாப்டிஸ்ட் போதகர் கொடுத்ததைக் கத்தோலிக்க சபை செல்லும் என்றே ஏற்கிறது. அதே சபைதான் மார்மன்கள் (அமெரிக்காவில் தோன்றிய தனிச் சபையினர்) கொடுப்பது செல்லாது என்று 2001-இல் சொன்னது, வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், திரித்துவம் பற்றிய நம்பிக்கை வேறு என்பதால். "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிறோம்" என்றாலும் செல்லாது என்று 2020-இல் அறிவித்தது.

மறுபக்கம், பாப்டிஸ்டுகளிடம் "ஒரே ஞானஸ்நானம்" என்று எபேசியர் 4:5-ஐ நீட்டிப் பயனில்லை, அவர்களும் ஆமென் என்பார்கள். இரண்டாவது கொடுப்பதாக அவர்கள் நினைப்பதே இல்லை. முதலாவது நடக்கவில்லை என்கிறார்கள். 1525-இல் சூரிச்சில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது சீர்திருத்தத்தை ஏற்ற அதே நகரம்தான். ஆகவே தம்பி, "செல்லாது" என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் எந்தச் சபையின் கணக்கில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொடுத்தவரின் யோக்கியதையைத் தோண்டுவது

தகுதியற்ற குருவானவர் கொடுத்தது செல்லாது என்ற டொனாட்டிஸ்டுகளுக்கு, கொடுப்பவர் யாரானாலும் அது கிறிஸ்துவின் ஞானஸ்நானமே என்று ஆதிச் சபை ஆயர் அகஸ்டின் சொன்ன பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

"இயேசுவின் நாமத்தில்" என்பதை வார்த்தைச் சண்டையாக நினைப்பது

இயேசுவின் நாமத்தில் என்னும் அப்போஸ்தலர் 2:38-க்கும் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்னும் மத்தேயு 28:19-க்கும் பொருத்தம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் ஒருத்துவ பெந்தெகொஸ்தேயினர் திரித்துவத்தையே ஏற்பதில்லை, வேர் அங்கே.

எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று நினைப்பது

இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குவேக்கர்களும் பொதுவாக அப்படித்தான்.