லைப்ரரில இடம் பத்தலையா? ஃபர்னிச்சர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

எங்க யுனிவர்சிட்டி லைப்ரரில ரீடிங் ஹால் பத்தலன்னு பசங்க வருஷாவருஷம் சொல்லிட்டே இருந்தாங்க, ஒருவழியா ப்ளான் போட்டு மாத்தி முடிச்சாச்சு. இதே வேலைல இறங்கப்போறவங்களுக்கு எழுதுறேன்.

1. ஃப்ளோர் ப்ளான். பழைய ட்ராயிங்ல நடுவுல போட்ட பார்ட்டிஷன் எதுவும் இருக்காது, டேப் பிடிச்சு அளந்துடுங்க. சாஃப்ட்வேரெல்லாம் வேண்டாம், கிராஃப் ஷீட்ல மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்னு வரைஞ்சா போதும்.

2. ஆள் கணக்கு. நான் ரொம்ப நாள் முழிச்சது இங்கதான். எண்ணிப் பாத்தா பாதி சேர் காலி, பசங்களோ இடமே இல்லங்கிறாங்க. என்னன்னா, நாலு பேர் டேபிள்ல ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து பையைப் பக்கத்து சேர்ல வச்சுட்டா மூணாவது ஆள் அங்க வர்றதே இல்ல. அதனால ஷீட்ல ஆளுக்கு ஒரு கோடு, பைக்கு ஒரு புள்ளி, ப்ளக் பாயின்ட் பக்கத்து சீட்டுக்கு ஒரு வட்டம். மணிக்கு ஒரு ரவுண்ட் போய்க் குறிங்க, இதைச் சாதாரண வாரம் ஒண்ணுலயும் செமஸ்டர் எக்ஸாம் வாரம் ஒண்ணுலயும் பண்ணுங்க. புள்ளி நிறைய விழுற இடத்துக்குப் புது டேபிள் தேவையில்ல, தடுப்பு வச்ச தனி சீட்டும் பை மாட்ட கொக்கியும் போடுங்க.

3. ரேக் நகர்த்துறது. கோஹால (லைப்ரரி சாஃப்ட்வேர்) ரிப்போர்ட் எடுத்து, இஷ்யூ ஆகாத புக்கையெல்லாம் ஸ்டோருக்கு அனுப்பிடாதீங்க. அங்கயே படிச்சுட்டு டேபிள்ல விட்டுட்டுப் போற புக் அந்தக் கணக்குல வராது. அதையும் கணக்குல சேர்க்க கோஹால 'ரெக்கார்ட் லோக்கல் யூஸ் ஆன் ரிட்டர்ன்' செட்டிங்கை ஆன் பண்ணிட்டு, அடுக்குறதுக்கு முன்னாடி அந்த புக்கை எல்லாம் ரிட்டர்ன் வந்த மாதிரி செக்-இன் பண்ணுங்க, ஒரு செமஸ்டர் போகட்டும், அப்புறம் முடிவெடுங்க. மிச்ச ரேக்கையும் ரொப்பிடாதீங்க, நூலகம் வளர்ற உயிர்னு நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லயே அஞ்சாவது விதியா எழுதிட்டாரு.

காம்பாக்டர் (இடைவெளி இல்லாம நெருக்கி, தண்டவாளத்துல நகர்த்துற ரேக்) வைக்கிற ஐடியா இருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடாம தொடவே தொடாதீங்க. கட்டடம் தாங்க வேண்டிய எடைக்கான இந்திய தரக் குறியீடு ஐஎஸ் 875 படி, 2.2 மீட்டர் உயரத்துக்கு ரேக்ல புக் அடுக்குற சாதாரண ரூமுக்கே சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 600 கிலோ தாங்கணும். ரீடிங் ரூம் தரைக்கு அவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

4. மாஸ்கிங் டேப். புது டேபிள் வர்ற இடத்தைத் தரையில ஒட்டிட்டு, புக் ட்ராலி நிறைய அடுக்கித் தள்ளிப் பாருங்க. இடிக்கிற இடம் அங்கயே தெரிஞ்சுடும்.

பின்சேர்க்கை: வீல்சேருக்கு எவ்வளவு விடணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. வழி குறைஞ்சது 900 மில்லிமீட்டர், திரும்புற இடத்துல 1500 மில்லிமீட்டர் வட்டம். டேப் ஒட்டின அன்னிக்கே வீல்சேர்ல வர்ற ஸ்டூடன்ட் யாரையாவது கூப்பிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, கொட்டேஷன் அதுக்கப்புறம் வாங்கிக்கலாம்.