டயருக்கு நாமே காற்றடிக்கும்போது நேரும் தவறுகள்

காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகி இயக்கும் சிறிய ஏர் கம்ப்ரசர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்ட பிறகு, சில புதிய கார்களில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் இந்தக் கருவியையே வைத்துக் கொடுக்கிறார்கள். பொத்தானை அழுத்திக் காற்றடிக்க யாருக்கும் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். எந்த எண்ணை நம்புவது, எப்போது அளப்பது என்பது பிடிபடத்தான் நாளாகிறது. நான் செய்த தவறுகளும் பிறர் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் நேர்ந்தன.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அந்த அளவுக்கு அடித்துவிடுவது பலர் செய்யும் முதல் தவறு. அங்கே 44 அல்லது 51 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்குத் தேவையான அழுத்தம் வேறு. அதைக் கார் நிறுவனமே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுத்தாளை நிதானமாகப் படிக்க வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறாக இருக்கலாம். இருவர் போகும்போது ஓர் அளவும், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் போகும்போது வேறோர் அளவும் குறித்திருக்கலாம். அலகையும் கவனிக்க வேண்டும். 33 பிஎஸ்ஐ என்பதும், ஏறக்குறைய 2.3 பார் என்பதும், 230 கிலோபாஸ்கல் என்பதும் ஒன்றே. ஒட்டுத்தாளில் 2.3 என்று பார்த்துவிட்டு, பிஎஸ்ஐயில் இருக்கும் கருவியில் அதே எண்ணை வைத்தால், டயரில் ஏற்கெனவே அதைவிட அதிகம் இருப்பதால் கருவி ஓடத் தொடங்கியதும் நின்றுவிடும். கருவி கெட்டுவிட்டதென்று கடைக்கே எடுத்துப் போனவர் ஒருவரை நான் அறிவேன்.

அடுத்ததை நானே செய்தேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், திண்டிவனம் தாண்டி நண்பகல் வெயிலில் தேநீருக்காக நிறுத்தியபோது, புதிதாக வாங்கிய கருவியை ஆசையோடு மாட்டிப் பார்த்தேன். அன்று காலை வீட்டில் 33 வைத்திருந்த டயர் 38 காட்டியது. அதிகமாக அடித்துவிட்டேன் என்று பயந்து, வால்வின் நடுவிலுள்ள சிறு ஊசியைச் சாவி முனையால் அழுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைத் திறந்துவிட்டு 33க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை திருச்சியில் அளந்தால் எல்லாம் 28, 29இல் நின்றன. அந்தக் குறைந்த காற்றோடுதான் மீதி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்திருக்கிறேன் என்பது உறைத்தபோது உண்மையிலேயே வருந்தினேன்.

நடந்தது எளிய கணக்கு. காலையில் 30 டிகிரியில் இருந்த காற்று, ஓட்டத்திலும் தார்ச் சூட்டிலும் 60 டிகிரியை எட்டினால், அளவில் துளியும் கூடாமலே அதன் அழுத்தம் 4 முதல் 5 பிஎஸ்ஐ வரை ஏறிவிடும். ஒட்டுத்தாளில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. இந்தச் சூட்டு ஏற்றத்தையும் கணக்கில் கொண்டே அதைத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. விடியற்காலையில் கிளம்பும் முன் அளப்பதைப் போல நல்ல நேரம் வேறில்லை. வழியில் ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால், மற்றவற்றின் சூட்டு அளவுக்கு அதையும் அடித்துக்கொண்டு, மறுநாள் காலை மீண்டும் அளந்து சரிசெய்யலாம். சூடான டயரிலிருந்து மட்டும் காற்றை இறக்கவே கூடாது.

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் தெரியும் எண்ணும் முழு உண்மையன்று. குழாய்க்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தையும் அது சேர்த்தே காட்டுவதால், உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நிறுத்தி, சில நொடி பொறுத்துப் பார்த்தால் எண் இறங்கி நிற்கும். அதுவே சரியான அளவு. கருவியோடு வரும் மீட்டர் ஓரிரண்டு பிஎஸ்ஐ பிசகுவதும் உண்டு. தனியாக ஒரு நல்ல கேஜ் வாங்கி, எப்போதும் அதனாலேயே சரிபார்ப்பது என் வழக்கம்.

குழாயை வால்வில் மாட்டுவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். திருகும் வகைப் பித்தளை முனையை வால்வின் மேல் நேராக வைத்து, விரல் நுனியால் மெதுவாகத் திருக வேண்டும். சாய்வாகப் பிடித்துத் திருகினால் மரை பிடிக்காமல் காற்று சீறும். பதற்றத்தில் மேலும் இறுக்கினால் வால்வின் மரை கெட்டுவிடும். சீறினால் கழற்றி, மறுபடி நேராக வைத்துத் தொடங்குவதே வழி. கழற்றும்போது வேகம் வேண்டும்: மூன்று நான்கு சுற்றுகளை ஒரே மூச்சில் திருகி எடுத்தால் போகும் காற்று மிகக் குறைவு, தயங்கித் தயங்கி எடுத்தால்தான் அடித்ததில் ஒரு பங்கு வெளியேறிவிடும். ஐந்தாறு நிமிடம் ஓடிய பிறகு அந்தப் பித்தளை முனை தொட முடியாத அளவுக்குச் சுடும். என் மகள் கற்றுக்கொண்ட முதல் நாளில் கட்டைவிரலில் கொப்புளம் கண்டது; அன்றிலிருந்து கருவிப் பெட்டியில் ஒரு பழைய கைக்குட்டையும் இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவிகளில் பல 10 ஆம்பியருக்கு மேல் இழுப்பவை. ஒரே துளையில் பிரிப்பானைப் போட்டு செல்போன் சார்ஜரையும் கம்ப்ரசரையும் சேர்த்து ஓட்டினால் ஃபியூஸ் போய்விடக்கூடும். போன ஃபியூஸுக்குப் பதில் அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது வயரிங்கையே எரிக்கும் வேலை. இன்ஜினை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு கருவியைப் போட்டால் பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடிக்கக் கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே உயிரைப் பறிக்கும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டி. பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதால் சீக்கிரம் அடித்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். வேகத்தைச் சொல்வது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற கணக்குதான்.

நைட்ரஜன் நிரப்பிய டயரில் சாதாரணக் காற்றை அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக அடிக்கலாம், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. (வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவில் 1904இல் உருவான உபரிச் சக்கரத்தின் பெயர்தான் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து நிலைத்திருக்கிறது.) அது மெலிந்த தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ வேண்டும், மற்ற டயர்களைப் போல 33 வைத்தால் பயன்படாது.

முற்றிலும் இறங்கிய டயரோடு சிறிது தூரம் ஓட்டிவிட்டு, பிறகு காற்றடித்துச் சமாளிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அப்படி ஓடிய டயரின் பக்கவாட்டு நசுங்கி, உள்ளிருக்கும் இழைகள் அறுந்திருக்கலாம். வெளியே தெரியாமலும் இருக்கலாம். பக்கவாட்டில் சுற்றிலும் தேய்ந்த கோடோ, புடைப்போ, வெட்டோ கண்டால் கருவியை எடுக்கவே வேண்டாம். ஆணி குத்தியிருந்தால் அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டுக் காற்றை நிரப்பி, அருகிலுள்ள பஞ்சர் கடைக்கு மெதுவாகப் போகலாம். ஆணியே இல்லாமல் ஒரு டயர் மட்டும் வாராவாரம் இறங்கினால், வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டும். குமிழ் விட்டால் வால்வின் உள்ளே இருக்கும் ஊசிப் பகுதி கசிகிறது. அதைப் புதிதாக மாற்றச் சொல்லி, தூசு நுழையாதபடி தொப்பியையும் போட்டுவிட வேண்டும்.