கார் து நோரில் ரயிலின் பெயரைப் பார்க்காதீர்கள், அது நிற்கும் ஊர்களைப் பாருங்கள்

அக்காவின் மகன் பாரிசுக்கு வந்து பதினோராம் நாள் அது. எங்கள் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, ஒரு கட்டு முருங்கைக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு கார் து நோரில் ரயில் ஏறினான். அவன் இருக்கும் அறை புறநகரில், லு பூர்ஜேயில். கார் து நோரில் இருந்து மூன்றாவது நிறுத்தம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"மாமா, நான் ஏயார்போட்டில நிக்கிறன். கதவு திறக்குதில்லை. ரெண்டு பேர் மறிச்சு வச்சுக்கொண்டு என்னவோ கேக்கினம்."

அவன் கையில் இருந்த காசில் பாதி அன்று தண்டமாகப் போனது. காசு போனதைவிட அவன் குரல்தான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. காகிதங்கள் முழுதாகக் கைக்கு வராத பிள்ளை. மொழி தெரியாது. சீருடை போட்ட ஒருவர் மறித்தால், ஊரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மனதில் என்னவெல்லாம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிற நான் அவனுக்கு வங்கிக் கணக்கு, வைத்தியர், வகுப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நிலையத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கார் து நோர் என்றால் 'வடக்கு நிலையம்'. ஒரு நாளைக்கு 7 லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் சிலைகள் வைத்த பழைய கட்டடம், 1860களில் கட்டியது. உள்ளே போனால் அது ஒரு நிலையம் இல்லை, மேலும் கீழுமாக அடுக்கி வைத்த நாலைந்து நிலையங்கள். தரை மட்டத்தில் தூர ஊர்களுக்கான ரயில்கள். லண்டன் போகும் யூரோஸ்டாருக்கு மாடிக்கு ஏறவேண்டும், அங்கே கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. அதே தரை மட்டத்தின் கிழக்குப் பக்கம், 30இல் தொடங்கும் மேடை இலக்கங்களில், புறநகருக்குப் போகும் எச், கே ரயில்கள். அதற்குக் கீழே, 41 முதல் 44 வரை, ஆர்.ஈ.ஆர் பி, டி. ஆர்.ஈ.ஆர் என்றால் பாரிசுக்குள்ளால் ஓடிப் புறநகருக்குப் போகும் ரயில். மெற்றோ 4, 5 வேறு. மெற்றோ 2க்கு நீண்ட சுரங்கப்பாதையால் நடந்து லாச்சப்பல் நிறுத்தத்துக்குப் போகவேண்டும். ஆர்.ஈ.ஆர் ஈ இன்னும் ஆழத்தில், அந்த நிலையத்துக்கு மஜந்தா என்று பெயர். நுவாசி லு செக், போந்தி பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. போனில் 'மஜந்தா' என்று காட்டினால் வேறு எங்கோ என்று நினைத்து வெளியே போகாதீர்கள், உள்ளாலேயே போகலாம்.

இலக்கத்தின் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 3இல் தொடங்கினால் மேலே, 4இல் தொடங்கினால் கீழே.

ரிக்கற் விசயம் இப்போது முன்னையைவிடச் சுலபம். 2025 ஜனவரியில் இருந்து மெற்றோ, ரயில், ஆர்.ஈ.ஆர் மூன்றுக்கும் பாரிஸ் பிராந்தியம் முழுக்க ஒரே ரிக்கற். அந்த வருட விலை 2.50 யூரோ. ஒவ்வொரு ஜனவரியும் கொஞ்சம் ஏறும். நவிகோ ஈசி என்ற காட் 2 யூரோ, அதில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய ஆட்கள் "சோன் (கட்டண வலயம்) பார்த்து எடு, பாரிசைத் தாண்டினால் வேற ரிக்கற்" என்று சொல்வார்கள். அது அந்தக் காலம். ஒரு காட்டில் இரண்டு பேர் போகமுடியாது. ஒருவர் அடித்துவிட்டுப் பின்னால் வருபவருக்குக் கொடுப்பது இங்கே களவு என்றுதான் கணக்கு. வேலை கிடைத்து சம்பளச் சீட்டு வரத் தொடங்கியதும் மாதக் காட் எடுங்கள். அதில் பாதியை முதலாளி தரவேண்டும் என்பது சட்டம். கேட்க வெட்கப்படாதீர்கள், எங்கள் ஆட்கள் பலர் கேட்காமலே வருடக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். ரிக்கற் மெசினுக்குப் பக்கத்தில் நின்று "உதவி செய்யட்டா" என்று வருபவரிடம் காட்டையோ காசையோ கொடுக்கவேண்டாம்.

அந்த ஒரே ரிக்கற்றுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. விமான நிலையத்துக்கு அது செல்லாது. அதற்குத் தனி ரிக்கற், 2025இல் 13 யூரோ. எல்லா சோனுக்குமான மாதக் காட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது விமான நிலையத்துக்கும் செல்லும். ஆனால் புதிதாக வந்தவரிடம் மாதக் காட் எங்கே இருக்கும்?

மருமகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் லு பூர்ஜே, திரான்சி, லா கூர்னெவ், ஓனே பக்கம் எங்கள் சனம் நிறைய. எல்லோருக்கும் இதே பாதைதான்.

ஆர்.ஈ.ஆர் பி வடக்கே போகும்போது கார் து நோருக்கு அடுத்து லா பிளேன், பிறகு லா கூர்னெவ், லு பூர்ஜே, திரான்சி, லு பிளோன் மெனில், ஓனே-சூ-புவா என்று வரிசையாக வரும். ஓனேயில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சார்ள் து கோல் விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி கிளேக்கு. அவனுக்கு நான் சொன்னது ஒரே வசனம்: "ஏயார்போட் போற ரயிலில ஏறு, மூன்றாவதா இறங்கு." அதையே செய்தான். திரையில் விமான நிலையத்தின் பெயர் இருந்தது, ஏறினான். ரயில் லா பிளேனில் நிற்கவில்லை. லா கூர்னெவிலும் நிற்கவில்லை. லு பூர்ஜே என்ற பலகை கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைவதை அவன் எழுந்து நின்று பார்த்திருக்கிறான்.

நெரிசல் இல்லாத பகல் நேரங்களில் சில ரயில்கள் கார் து நோரில் இருந்து விமான நிலையம் வரை எங்கும் நிற்காமல் போகும். பயணப்பெட்டிகளோடு போகும் வெளிநாட்டுக்காரருக்கு அது வசதி. காலையிலும் மாலையிலும் அதே பெயர் போட்ட ரயில் எல்லா ஊரிலும் நிற்கும். அவன் அதுவரை காலையில் மட்டும்தான் போய்வந்திருந்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. அன்று பிற்பகல் இரண்டு மணி.

ஊரில் எங்களுக்கு இது தெரியாத விசயமில்லை. கடுகதி ரயில் சின்ன நிலையங்களில் நிற்காது என்று கொடிகாமத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே கடுகதி என்றால் அதற்கென்று ஒரு பெயர், ஒரு நேரம் இருக்கும், மேடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே அதே வண்டி, அதே மேடை, அதே பெயர். நிற்குமா நிற்காதா என்பதை நீங்களாகத்தான் வாசிக்கவேண்டும்.

வாசிப்பது எப்படி? ரயிலின் கடைசி ஊரைப் பார்த்ததோடு விடாதீர்கள். உங்கள் ஊரின் பெயர் அந்த ரயிலுக்குரிய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையத்துக்கு நிலையம் பலகை வேறுபடும். சிலதில் நிற்கும் ஊர்களின் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியும், சிலதில் திரையில் ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அறிவிப்பில் "சோன்ஸாரே" என்ற சொல் காதில் விழுந்தால் 'நிற்காமல்' என்று அர்த்தம், ஏறாதீர்கள். ரயிலின் நெற்றியில் நாலு எழுத்தில் ஒரு பெயரும் இருக்கும். பி பாதையில் அது ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கினால் விமான நிலையம், 'ஐ' எழுத்தில் தொடங்கினால் மித்ரி. ஓனே வரைக்கும் உள்ளவர்கள் மித்ரி ரயிலில் ஏறினாலும் சரிதான், இறங்கவேண்டிய ஊர் பட்டியலில் இருந்தால் போதும். இதை முன்னமே சொல்லியிருந்தால் அவன் மித்ரி ரயில் ஒன்றை விட்டுவிட்டு விமான நிலைய ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கமாட்டான். ஆம், அன்று அப்படியும் செய்திருக்கிறான், மாமா சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று.

ஓனேக்கு அப்பால் இருப்பவர்கள் மட்டும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். செவ்ரான் என்ற ஊருக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. செவ்ரான் போடொத் விமான நிலையப் பாதையில், செவ்ரான் லிவ்ரி மித்ரி பாதையில். சார்செலும் அப்படித்தான். கார்ஜ் சார்செல் என்றால் கீழே ஆர்.ஈ.ஆர் டி, சார்செல் சேன் பிரிஸ் என்றால் மேலே எச் ரயில். "சார்செலுக்கு வா" என்று சொல்லும் சொந்தக்காரரிடம் எந்த சார்செல் என்று கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். கீழ்த்தளத்தில் பியும் டியும் ஒரே மேடையின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும் என்பதையும் மறக்கவேண்டாம். சனத்தோடு சனமாகத் திரும்பி எதிர்ப்பக்கம் ஏறினால் வேறு ஊர்.

சரி, ஏறிவிட்டீர்கள், ரயில் நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறி வெளிவாசலுக்குப் போகாதீர்கள். விமான நிலையத்து வாசலில் சாதாரண ரிக்கற்றை அடித்தால் கதவு திறக்காது, கொன்ரோல், அதாவது ரிக்கற் பரிசோதகர்கள், நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான். மருமகன் மூன்று தரம் காட்டை வைத்து வைத்து எடுத்திருக்கிறான். ஒவ்வொரு தரமும் சிவப்பு. பையில் இருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, அவனுக்கு வியர்த்து ஒழுகியிருக்கிறது. மேடையிலேயே நின்று, எல்லா ஊரிலும் நிற்கும் அடுத்த ரயிலில் திரும்பி ஏறுங்கள். கொன்ரோல் கண்ணில் பட்டால் ஒளியவேண்டாம், நீங்களாகவே முன்னே போங்கள். முதலில் "பொன்ஜூர்" சொல்லவேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் இந்த நாட்டில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். அப்புறம் "ஜு ம சுய் துரொம்பே து த்ரான்." ரயில் மாறி ஏறிவிட்டேன் என்று அர்த்தம். நாலைந்து தரம் வீட்டில் சொல்லிப் பழகுங்கள். விட்டுவிடுவார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் தானாக வந்து சொல்பவரை வாசலில் பிடிபட்டவரைப் போல யாரும் பார்ப்பதில்லை. தண்டம் எழுதினால் கையில் காசு இருந்தால் அங்கேயே கட்டிவிடுங்கள். வீட்டுக்குக் கடிதம் வரும்வரை விட்டால் தொகை கூடும்.

நான் 1984இல் பிறந்தேன். யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது 1990இல் நின்றபோது எனக்கு ஆறு வயது. நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க யாழ்ப்பாண ரயில் நிலையம் கூரை இல்லாத சுவராகத்தான் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. ரயில் என்றால் அப்பா சொல்லும் கதை. 2003இல் கார் து நோரில் நான் ஏறியதுதான் என் நினைவு தெரிந்து நான் ஏறிய முதல் ரயில். எந்தப் பெட்டியில் ஏறலாம், கதவு தானாகத் திறக்குமா என்று தெரியாமல் மூன்று ரயில்களை விட்டேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் ஓடியபோது அம்மா போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்துச் சத்தத்தைக் கேட்கவைத்தா. வேலைத்தளத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று கேட்டேன். ஆகவே மேடையில் முழித்துக்கொண்டு நிற்கும் எங்கள் பிள்ளை ஒருவரைக் கண்டால் நான் கடந்து போவதில்லை. நீங்களும் தமிழ் முகம் கண்டால் கேளுங்கள். "அண்ணை, இது லு பூர்ஜேயில நிக்குமோ?" இவ்வளவுதான். யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

கடைசியாக, லாச்சப்பலுக்குப் போவது. இதற்கு ரயிலும் வேண்டாம், மெற்றோவும் வேண்டாம். சிலைகள் உள்ள முன்வாசலால் வெளியே போனால் சுற்றவேண்டி வரும். கிழக்குப் பக்கம், போபூர் சேன் துனி தெரு என்று எழுதிய வாசலால் வெளியே வந்து இடப்பக்கம் திரும்பி நேரே நடவுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முதல் தமிழ்ப் பலகை தெரியும். ரு காய், ரு பெர்தொனே என்ற சின்னத் தெருக்களும் அதிலேயே பிரியும். போனைக் கையில் பிடித்தபடி நடக்கவேண்டாம், வழியை உள்ளே நின்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாமான் வாங்குகிறான். திரும்பும்போது கீழ்த்தளத்துத் திரைக்கு முன்னால் நின்று லு பூர்ஜே என்ற பெயரைக் கண்ட பிறகுதான் பையைத் தூக்குகிறான்.