மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போவது எப்படி? மட்டக்களப்புக் கடலில் இருந்து தொடங்குவோம்

கடலுக்கடியில் கிடக்கும் கப்பலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைவிங் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் முடிந்தால் போதும், மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

1. முதலில் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

மட்டக்களப்பு என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ஹெர்மிஸ், பிரிட்டிஷ் போர்க்கப்பல். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அதுதான், 1918இல் வேலை ஆரம்பித்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு போட்டு மூழ்கடித்தபோது அதன் சொந்த விமானங்கள் ஒன்றுகூடக் கப்பலில் இல்லை, எல்லாம் கரையில் நின்றன. 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கிடப்பது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான் என்பதால் தொடக்கக்காரர்கள் ஹெர்மிஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். யாராவது "வாங்க, கூட்டிப் போறேன்" என்று சொன்னால் அந்த ஆளிடம் இருந்து விலகியிருப்பது நல்லது.

நான் சொல்வது பிரிட்டிஷ் சார்ஜன்ட். 1922இல் கட்டிய எண்ணெய்க் கப்பல், ஹெர்மிஸ் போன அதே நாளில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கியது, கல்குடா, பாசிக்குடா பக்கம் ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அன்று இந்தக் கரையோரம் வேம்பயர், ஹோலிஹோக், அதெல்ஸ்டேன் என்று இன்னும் சில கப்பல்களும் போயின. ஒரே நாள், ஒரே கரை, இத்தனை கப்பல்கள். வரலாறு படிக்கிறவர்கள் இந்தக் கடலை விடாமல் சுற்றி வருவதற்கு இதுவே காரணம்.

2. இறங்குமுன் படியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். அது எந்தக் கப்பல், எதை ஏற்றியது, எப்படி அடிபட்டது என்று தெரியாமல் இறங்கினால் நீங்கள் பார்ப்பது துருப்பிடித்த இரும்பும் மீனும் மட்டுமே, திரும்பி வந்து சொல்லவும் ஒன்றும் இருக்காது. லொயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் கப்பலின் நீளம், இன்ஜின் வகை, கட்டிய ஆண்டு எல்லாம் இருக்கும். அதே வகைக் கப்பலின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, முன்பக்கம், பாலம் (கப்பலை ஓட்டும் மேல்தள அறை), பின்பக்கம் எது எதுவென்று ஒரு தாளில் கையால் வரைந்து பாருங்கள். வரைந்தால்தான் மனதில் நிற்கும்.

3. பயிற்சி

ஓப்பன் வாட்டர் படிப்பு முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம், அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர். 24 மீட்டர் கப்பலுக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும். ஆனால் சான்றிதழைவிட முக்கியம் மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்கும் திறமை. அது கைவராதவர் கப்பலுக்குப் பக்கத்தில் போனால் துடுப்புக்காலால் வண்டலைக் கிளப்பிவிடுவார், அடுத்த நிமிடமே தன் கையைத் தானே பார்க்க முடியாது. முதலில் ஆழம் குறைந்த பாறைப் பக்கம் போய்ப் பழகுங்கள்.

4. பருவம், படகு

கிழக்குக் கரையில் ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வேண்டாம், அப்போது ஹிக்கடுவ போன்ற தென்மேற்குக் கரைகள்தான் சரி. படகில் ஏறுமுன் அவசரத்துக்கு ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள்.

5. காற்றுக் கணக்கு

இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பயம் பாதி போய்விடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அப்படியானால் மேலே ஏற்கனவே இருக்கும் ஒன்றையும் சேர்த்து 24 மீட்டரில் மொத்தம் 3.4. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் கீழே 68 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (bar, அழுத்த அலகு) நிரப்பினால் 2,400 லிட்டர், அதில் 50 பார், அதாவது 600 லிட்டரை, கையிருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 1,800. அதை 68ஆல் வகுத்தால் சுமார் 26 நிமிடம். இறங்கவும் ஏறவும் போகிற காற்றைக் கழித்துவிட்டால் கப்பல் பக்கத்தில் இருபது நிமிடம் கிடைத்தாலே பெரிது. பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் குறையும். கையில் கட்டும் டைவ் கணினி என்ன சொன்னாலும் இந்தக் கணக்கு உங்கள் தலையில் இருக்கட்டும்.

6. கீழே என்ன பார்ப்பது

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். முதலில் ஒரு நிழல் தெரியும், அப்புறம் பாரை மீன் கூட்டம், அப்புறம்தான் இரும்பு. டார்ச் கட்டாயம் வேண்டும். அந்த ஆழத்தில் சிவப்பு நிறமே இருக்காது, டார்ச் அடித்தவுடன் சாம்பலாய்த் தெரிந்த தகடு முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாய் எழும்பும்.

தகடுகள் சேரும் இடத்தை நெருங்கிப் பாருங்கள். பாசிக்கும் பவளத்துக்கும் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். அவை ரிவெட் தலைகள், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைகள். கப்பல் கட்டுவதில் வெல்டிங் பரவாத காலத்துக் கப்பல் இது, ஒவ்வொன்றையும் பழுக்கக் காய்ச்சி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். கப்பலின் வயதைச் சொல்லும் முதல் அடையாளம் இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அடுத்து, எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜின் பின்பக்கம் இருப்பது வழக்கம், அதனால் இன்ஜின் பாகமோ சுழலியோ (கப்பலை உந்தும் விசிறி) கண்ணில் பட்டால் நீங்கள் எந்த முனையில் இருக்கிறீர்கள் என்று உங்கள் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

உள்ளே நுழையாதீர்கள். வாசல் எவ்வளவு அகலமாய் இருந்தாலும் சரி, அதற்கென்று தனிப் பயிற்சியும் வழிக்கயிறும் வேண்டும். வெளியே தொங்கும் பழைய மீன்வலைகளையும் கவனியுங்கள், சிக்கினால் அவிழ்க்க ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும். ஓட்டைகளில் கை வைக்க வேண்டாம், களவா மீன் மட்டுமல்ல, விஷமுள் உள்ள லயன் ஃபிஷும் அங்கேதான் பதுங்கும்.

7. எதையும் எடுக்காதீர்கள்

ஒரு பித்தளை ஆணிகூட வேண்டாம். காரணம் சொல்கிறேன். தெற்கே கொடவாயவில் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கும் கப்பலை முதலில் கண்டது சங்கு குளிக்கும் உள்ளூர் ஆட்கள். அதில் கண்ணாடிக் கட்டிகளும் மட்பாண்டங்களும் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது, இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்த மிகப் பழைய கப்பற்சிதைவு. ஒரு பொருள் எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் சரக்கையும் பயணத்தையும் கணிக்கிறார்கள். இடம் மாறிவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள். போரில் மூழ்கிய கப்பல்களோ அதற்கும் மேல், பலருக்கு அதுதான் கல்லறை.

8. மேலே வந்த பின்

ஏறும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. படகில் ஏறியதும் பார்த்ததை அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள், மாலைக்குள் பாதி மறந்துவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பல டைவ் போட்டவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். விமானம் இல்லையே, வண்டியில்தானே போகிறோம் என்று அன்று மாலையே நுவரெலியாவுக்குக் கிளம்பாதீர்கள். அது 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆழத்தில் உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளி அழுத்தம் குறைந்தால் குமிழாகும், அதற்கு மலையும் விமானமும் ஒன்றுதான்.