பினாங்கில் இரண்டு நாள்: பசியைப் பார்த்துச் செலவு செய்யுங்கள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் பினாங்குக்கு வந்தாலும் சுற்றிக் காட்டுவது நான்தான். முதல் தடவை ஒரு பெரிய தப்பு செய்தேன். மதுரையிலிருந்து வந்த அத்தை மகளை, வந்து இறங்கியதுமே நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றுக் கடையில் உட்கார வைத்துத் தட்டு நிறைய வாங்கிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி வரை அவளால் வேறு எதையும் தொட முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பேர் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போகிறேன். இந்த ஊரில் ருசி பார்க்க அவ்வளவு இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகு ஏறுங்கள். தீவு மெதுவாகக் கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அவர் கண்ணில் முதலில் பட்டதும் இந்தக் கரைதான்.

தங்குவதற்கு ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே, லெபோ சூலியா தெருப் பக்கம் அறை எடுங்கள் ('லெபோ' என்றால் தெரு). பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்க்கலாம். ஆனால் 11 மணிக்கு மேல் வெயில் தாங்காது. நடப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, லெபோ குயினில் இருக்கும் மகா மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். 1833-இல் எழுந்த கோவில். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோவில், அதைத் தாண்டினால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நான்கையும் ஒரே காலையில் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

மதியம் நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகக் காவடித் தண்டில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். தோளில் தண்டு வைத்துச் சுமப்பதைத்தான் மலாயில் 'கண்டார்' என்பார்கள். கேம்பல் தெருவில் 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியா கடைக்கு நான் கூட்டிப் போவேன். வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கையைக் காட்டிக் கேட்க வேண்டும். 'குவா சம்பூர்' என்றால் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். 'பஞ்சிர்' என்றால் சோறு மிதக்கும். இந்தக் கலவையில்தான் ருசியே. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கலவையில் அந்தக் குழம்பும் சேர்ந்துவிடலாம். 'குவா டாகிங் வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழில் சொன்னாலே பல கடைகளில் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை இழைகள், சிவப்புப் பயறு. நின்றுகொண்டே குடித்து முடியுங்கள், உருகிவிட்டால் வீண்.

சாயங்காலம் சியூ ஜெட்டி. கடலில் மரத்தூண் நட்டு, அதன்மேல் பலகை வீடுகள் கட்டி, சியூ குலத்துச் சீனக் குடும்பங்கள் வாழும் இடம். அவை குடியிருக்கும் வீடுகள். திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

இருட்டிய பிறகு ஒட்டுக்கடைகள். சார் கோய் தியாவ் என்னும் வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸை ஒவ்வொரு தட்டாக, பெரிய தீயில் வறுத்துக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். நாலைந்து தட்டுக்குச் சேர்த்து வறுத்தால் அந்தப் புகைவாசம் ஏறாது. சீனர் கடைகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு உட்காருங்கள். சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. சீன பௌத்தர்களின் சைவக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். பூண்டு, வெங்காயம் சேர்க்காமலே அருமையாகச் சமைப்பார்கள்.

இரண்டாம் நாள் சீக்கிரம் எழுந்து 204-ஆம் எண் பேருந்தில் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போங்கள். 1923-இலிருந்து மலைரயில் ஓடுகிறது. தாமதமானால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். இறங்கும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோவில்: ஏழடுக்குக் கோபுரத்தின் அடி சீன பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா. பார்த்துவிட்டு அங்கேயே அசாம் லக்சா சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் லக்சாவை எதிர்பார்க்காதீர்கள். இது புளிப்பும் உறைப்புமான மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ். அன்னாசி, புதினா, வெள்ளரி, மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. அந்த விழுதின் வாடை முதலில் தூக்கிப் போடும், ஒதுக்காமல் கலக்குங்கள். அதே அத்தை மகள் இரண்டாவது கிண்ணம் கேட்டது இதற்குத்தான்.

தைப்பூசத்துக்கு வந்தால் கணக்கே வேறு. தண்ணீர்மலை முருகனுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், தேர் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள். செருப்பை மறக்காதீர்கள், தெருவெல்லாம் ஓடாகக் கிடக்கும்.

திரும்பும் அன்று சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் வாங்குங்கள். கொட்டை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்தது. காய்ந்ததும் கிடைக்கும், ஈரமானதும் கிடைக்கும். பெட்டியில் வைக்கக் காய்ந்ததுதான் சரி.