ஆண்கள் பட்டறை நடத்துவோர்க்கு: உடல்நலப் பேச்சைத் தொடங்கும் விதம்

ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தகரக் கொட்டகை நெடுங்காலமாக ஆண்களின் தனி உலகம். ஓய்வு பெற்றுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயரும்போது கொட்டகை போய்விடுகிறது. அதோடு கைவேலையும், எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டாருடன் நின்று பேசும் பழக்கமும் போய்விடுகின்றன. அந்த இழப்பை ஊரார் சேர்ந்து ஈடுகட்டும் இடமே 'மென்ஸ் ஷெட்' எனும் ஆண்கள் பட்டறை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் 1993இல் தொடங்கிய கொட்டகையை இதற்கு முன்னோடி என்பர். விக்டோரியாவின் டொங்காலாவில் 1998இல் திறக்கப்பட்டதுதான் அந்தப் பெயரையே முதலில் தாங்கியது. 2007இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. இன்று அந்நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் உள்ளன. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இவ்வியக்கம் வேரூன்றியுள்ளது.

இத்தகைய பட்டறையைத் தொடங்குவோர் பலர் வாசலிலேயே 'உடல்நலம்', 'மனநலம்' என்று பலகை எழுதி வைத்துவிடுகிறார்கள். அதைப் படித்ததும், யாருக்காக எழுதப்பட்டதோ அவரே திரும்பிப் போய்விடுவார். ஆண்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது இவ்வியக்கத்தில் வழங்கும் சொல். அதனால் வேலை மேசையைச் சுவரோடு ஒட்டாமல், சுற்றிலும் ஆள் நிற்கும்படி அறையின் நடுவில் போடுங்கள்; இருவர் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகளைத் தேடிப் பிடியுங்கள். கால் ஆடும் பழைய நாற்காலி இதற்கு மிகவும் பொருத்தம். துளையில் காய்ந்து கிடக்கும் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, ஒருவர் காலை நேராகப் பிடித்துக்கொள்ள மற்றவர் இறுக்குப்பிடியை முறுக்க வேண்டும். பிறகு பசை பிடிக்கும்வரை இருவருக்கும் வேலை இல்லை. "வீட்டில் எல்லாரும் நலமா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

புதிதாக வருபவரை, வந்த பத்து நிமிடத்துக்குள் ஒரு சிறு வேலையில் சேர்த்துவிடுங்கள். பைக்குள் கைவிட்டபடி சுவரோரம் நின்றுவிட்டுப் போனவர் மறுவாரம் வருவது அரிது. கை நடுங்குபவருக்கும் நினைவு தடுமாறுபவருக்கும் இயந்திர வேலை வேண்டாம், உப்புத்தாள் தேய்க்கவும் திருகாணி பிரிக்கவும் கொடுக்கலாம். மரத்தூளை உறிஞ்சும் கருவி, முகமூடி, காதுமூடி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்: மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் நெடுநேரம் நிற்பது செவியைக் கெடுக்கும்.

தேநீர் வேளையில் இயந்திரங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, எல்லாரும் ஒரே மேசையில் உட்காருங்கள். என்னைக் கேட்டால், பட்டறையில் இருக்கும் கருவிகளில் அந்த மேசைதான் முதன்மையானது. விற்பனைக்கான ஆர்டர்களை அளவுக்கு மீறி ஏற்று, தேநீரை நின்றபடி குடிக்கும் நிலைக்கு வந்த பட்டறை தொழிற்சாலையாக மாறிவிட்டது என்று பொருள்.

செவிலியர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அதைத் தேநீருக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சுமட்டத்தில் மேசைமேல் வைத்த பிறகு பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலானோருக்குக் வீட்டிலேயே மல மாதிரி எடுக்கும் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டியை அரசு இரண்டாண்டுக்கு ஒருமுறை இலவசமாக அனுப்புகிறது. கூச்சத்தால் பலர் அதை இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். மருத்துவர் வந்து உரையாற்றுவதைவிட, 'நான் செய்தேன், ஐந்து நிமிட வேலைதான்' என்று உறுப்பினர் ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சொல்வது கூடுதலாக எடுபடும். வண்டிக்கு சர்வீஸ் பார்ப்பதுபோல உடலையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் திட்டம் ஒன்றைத் தேசியச் சங்கமே நடத்துகிறது. அந்த மொழி இவர்களுக்குப் பிடிபடும்.

மனநலத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் அந்நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஆண்கள். வருகைப் பதிவேட்டை வாரந்தோறும் பாருங்கள். தவறாமல் வருபவர் இரண்டு வாரம் வராவிட்டால் ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அந்த ஒருவர் யார் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தூக்கமில்லை என்பவர், தன் கருவிகளை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பவர், 'நான் இருந்து என்ன பயன்' என்பவர் ஆகியோரைத் தனியே அழைத்து, உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சம் தவறானது. இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், அவரைத் தனியே விடாமல், நெருக்கடியில் இருப்போருக்கான தொலைபேசி உதவி அமைப்பான லைஃப்லைனின் 13 11 14 எண்ணை அவர் அருகில் உட்கார்ந்தே அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 000. நீங்கள் மருத்துவர் அல்லர். உரியவரிடம் அவர் போய்ச் சேரும்வரை உடன் இருப்பதே உங்கள் வேலை.

மனைவியை இழந்த ஒருவர் மீண்டும் வரத் தொடங்கும்போது, ஆறுதல் சொல்லிச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். சில வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமைகளில் பட்டறையைத் திறக்கும் பொறுப்பை ஏற்பாரா என்று கேட்டுச் சாவியைக் கொடுங்கள். காலை எட்டரைக்குக் கதவடியில் நான்கு பேர் காத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.